வைஃபை இருக்கிறது, நெட் இல்லை

ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் வீட்டுக் குழாயைத் திருகிப் பயனில்லை என்பது நம் தருமபுரிக்காரர்களுக்குத் தெரியும். வைஃபையும் அப்படித்தான். அது வீட்டுக்குள் ஓடும் குழாய். இன்டர்நெட் வெளியிலிருந்து வர வேண்டிய தண்ணீர்.

போன ஞாயிறு, பேத்தி வீடியோ காலில் வரும் நேரம். செல்போனில் வைஃபை கோடுகள் முழுதாக இருந்தும் நெட் இல்லை. என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னியது. ஃபைபர் கேபிளில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். தெருவில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்திருந்தது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பேசினோம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ரீசெட் துளையில் ஊசி விடாதீர்கள். செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். இணைப்பு கொடுத்தவர்களுக்குச் சொல்லுங்கள். எரியாவிட்டால் மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.