தரைக்குப் பவானி, கட்டிலுக்குச் சென்னிமலை, ஜன்னலுக்குக் கரூர்

புது வீடு கட்டி முடித்தவர்கள் பெயின்ட் கடையில் நான்கு நாள் நிற்பார்கள். டைல்ஸ் கடையில் ஒரு வாரம். திரைச்சீலை, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் என்று வரும்போது மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரே கடை, ஒரு மணி நேரம். கலர் பிடித்திருக்கிறதா? பில் போடு! ஆறு மாதம் கழித்துத் திரை வெளுத்து, விரிப்பு சுருங்கி நிற்கும்போதுதான், துணியைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்தது தெரியவரும்.

துணியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள நல்ல இடம் ஈரோட்டுப் பக்கம். ஈரோட்டிலிருந்து பவானி 15 கிலோமீட்டர், சென்னிமலை சுமார் 30, கரூர் 65 சொச்சம். தரைக்கு, கட்டிலுக்கு, ஜன்னலுக்கு என்று மூன்று விதமான நெசவையும் இரண்டே நாளில் பார்த்துவிடலாம்.

முதலில் பவானி. காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் குளித்து, சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுபவர்களே அதிகம். நெசவாளர் வீடுகள் உள்ள தெருக்களுக்குள் நடந்தால்தான் தறிச் சத்தம் கேட்கும். இங்கே இருப்பது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்தபடி நெய்கிறார்கள். குழியின் குளுமை நூல் அறாமல் இருக்க உதவும். அதே குழிக்குள் மழைத் தண்ணீர் புகுந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. அகலமான ஜமக்காளம் என்றால் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். பாதி நேரம் கணவனும் மனைவியுமாக இருப்பார்கள். பேச்சே இருக்காது, நாடா மட்டும் போய் வரும்.

நீளவாட்டில் கட்டியிருக்கும் நூல் பாவு, குறுக்கே போவது ஊடை. சாதாரணத் துணியில் இரண்டும் சம அளவில் தெரியும். பருத்தி ஜமக்காளத்தில் தடித்த ஊடை நூல் பாவை முழுக்க மூடிவிடும். அதனால்தான் அந்தக் கனம். அதனால்தான் பட்டைக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகின்றன. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் மிதித்தும் கிழியாமல் இருப்பதன் ரகசியமும் இதுவே. ‘ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்’ என்று ஊரில் சொல்வதும் அந்த நெருக்கத்தை வைத்துத்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் மில் துணி வந்து உள்ளூர் நெசவை அமுக்கியபோது, ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தினர் தடித்த வண்ண நூலில் இந்த விரிப்பை நெய்யத் தொடங்கினார்கள். தடித்த பருத்தியில் பூ வேலை எடுபடாது என்பதால், பின்னால் செயற்கைப் பட்டு நூலில் ஒரே நிறத்தில் நெய்து, கரையில் மட்டும் பூவும் பறவையும் வைக்கும் இன்னொரு வகை வந்தது. வரவேற்பறைக்கு இது அழகு. ஆனால் குழந்தைகள் தண்ணீர் கொட்டி விளையாடும் வீட்டுக்குப் பழைய பட்டைக் கோடுதான் சரி. அழகு குறைவு என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்தச் சிவப்பையும் பச்சையையும் சிமென்ட் தரையில் விரித்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. விசைத்தறியில் நெய்யக் கூடாது. ஆனாலும் வெளி மாநில விசைத்தறிகளில் ஓட்டிய விரிப்புகள் ‘பவானி’ என்ற பெயரிலேயே கடைகளில் தொங்குகின்றன. குழியில் இரண்டு பேர் நாள் முழுக்க உட்கார்ந்து நெய்வதோடு, இயந்திரம் ஓட்டித் தள்ளுவது விலையில் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள்? நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தறியில் உட்காருபவர்களின் தலைகள் பெரும்பாலும் நரைத்திருக்கின்றன.

“அண்ணா, இது கைத்தறிதானுங்களா?” என்று கேட்டால், “கைத்தறியேதானுங்க” என்றுதான் எந்தக் கடைக்காரரும் சொல்வார். ஓரத்தைப் பாருங்கள். கைத்தறியில் நாடா திரும்பி வருவதால் ஊடை நூல் ஓரத்தில் மடங்கி உள்ளே போகும். ஓரம் முழுக்க வெட்டுப்பட்ட நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால், அது நாடா இல்லாத நவீனத் தறி. மடங்கியிருப்பதாலேயே கைத்தறி என்றும் நம்பிவிட முடியாது. பழைய விசைத்தறியிலும் நாடா உண்டு. 2006இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ வாங்குவதும்தான் பத்திரம்.

சென்னிமலையில் கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய முருகன் கோயில் மலை மேல், தறிகள் கீழே. இந்த ஊரின் பெயர் போனது போர்வையிலும் படுக்கை விரிப்பிலும். ‘சென்டெக்ஸ்’ கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்த எம்.பி.நாச்சிமுத்து பத்மஸ்ரீ பெற்றவர்.

இங்கே நூலின் நம்பரைக் கேட்டுப் பழகலாம். ஒரு பவுண்டு எடைக்கு, 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 20 என்றால் தடிமன், 60 என்றால் மெல்லிசு. ‘2/40’ என்று சொன்னால் இரண்டு 40ஆம் நம்பர் நூலை ஒன்றாக முறுக்கியது. ஏறக்குறைய 20இன் தடிமன்தான், ஆனால் உறுதி அதிகம். தினமும் துவைக்கும் விரிப்புக்கு இதைக் கேட்டு வாங்கலாம். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாகத் தெரியும். அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரமாகத் தேய்த்துப் பார்ப்பதைக் கடைக்காரர்கள் இங்கே தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஈரோட்டுக்குத் திரும்பி, கொடுமுடி வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் கரூர். இங்கே தறியைவிட ஏற்றுமதி பெரிது. வெளிநாட்டுச் சமையலறைத் துண்டு, மேஜை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் இங்கிருந்து போகின்றன. இந்த நிறங்களுக்காக அமராவதி ஆறு சாயக்கழிவால் பட்ட பாடு தனிக்கதை.

ஆர்டரில் மிஞ்சியதும் சிறு குறையுள்ளதும் உள்ளூர்க் கடைகளுக்கு வரும். குழிகுழியாகத் தேன்கூடு போல நெய்த துண்டு தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பாத்திரம் துடைக்க அதை எடுக்கலாம். திரைக்கு ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழாது. பருத்தி என்றால் நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை லைனிங் துணி அவசியம். பெரிய பூ டிசைன் என்றால், இரண்டு திரையிலும் பூ ஒரே உயரத்தில் வரவேண்டுமே, அதற்காக அரை மீட்டராவது கூடுதலாக வாங்க வேண்டும்.

பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கடைக்கு வெளியே கொளுத்திப் பார்க்கலாம். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சின்ன மணியாக இறுகினால் பாலியஸ்டர். மேற்கு ஜன்னலுக்கு அதுவே போதும் என்று கரூர்க் கடைக்காரர்களே சொல்வார்கள். துவைப்பதும் சுலபம்.