பூஜ்யத்துக்கு இரண்டு

2025 டிசம்பர் 10, புதன்கிழமை. மேனேஜருக்கு வயிற்று வலி என்று மெசேஜ் தட்டிவிட்டு, விடிவதற்கு முன்பே ஜோலார்பேட்டையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தேன். கூட ஐந்து பையன்கள், எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஹாக்கி டீம். அன்று சாயந்திரம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஜூனியர் உலகக்கோப்பை வெண்கலத்துக்கான ஆட்டம், இந்தியாவும் அர்ஜென்டினாவும். டிக்கெட் இலவசம் என்பதால் ரயில் காசும் சாப்பாடும் மட்டும் என் செலவு.

கிளம்பும்போது அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார். "இன்னாத்துக்குடா அந்தப் பசங்கள கூட்டிகினு அலையுற? ஒம்போது கோல் வாங்குன டீமு அது."

உண்மைதான். மண்டலப் போட்டியில் முதல் ஆட்டமே 9-0. போன வருஷம் டீமில் எட்டுப் பேர் ஃபைனல் இயர். மொத்தமாகப் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த மூன்று பேரோடு, ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று போன ஜூலையில்தான் கற்றுக்கொண்டவர்களைச் சேர்த்து ஒரு டீம். சாஃப்ட்வேரில் இதைச் செய்தால் 'ரீரைட்' என்று பெயர் வைத்து ஆறு மாதம் அவகாசம் கேட்போம். இவர்களுக்கு ஆறு வாரம்கூடக் கிடைக்கவில்லை.

இருந்தும் நான் ஞாயிறுதோறும் பெங்களூரிலிருந்து வந்து பார்க்கிறேன். ஒரு சரியான பாஸ் போனால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். அடுத்த வருஷம் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். என் நண்பர்கள் இதைக் கேலி செய்வார்கள், நியாயம்தான்.

அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ரயில்வே மைதானத்தில் கோல் கீப்பராக நின்றவர். 1980 மாஸ்கோவில் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியதை ரேடியோவில் கேட்ட தலைமுறை. அதற்கப்புறம் வந்த தோல்விகளையும் முழுசாகக் கேட்டவர். 1976 மாண்ட்ரியலில் செயற்கைப் புல் வந்தது, இந்தியா முதல் தடவையாகப் பதக்கம் இல்லாமல் ஏழாவது இடத்தோடு திரும்பியது. மண்ணில் ஆடியவனை டர்ஃபில் நிறுத்தினால் அப்படித்தான் என்பார் அப்பா.

அந்த டர்ஃப் தண்ணீர் குடிக்கும். ஆட்டத்துக்கு முன்னால் நனைத்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். 2019 ஜூலை 12ஆம் தேதி எங்கள் ஊரிலிருந்து ஐம்பது டேங்கர் வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு முதல் ரயில் போனது. குடிக்கத்தான். ஆனால் எழும்பூரில் ஸ்பிரிங்க்ளர் சுழல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேகன்கள் ஞாபகம் வரும். எங்கள் பசங்க பயிற்சி எடுக்கிற இடத்தில் பந்து கல்லில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று கடவுளுக்கே தெரியாது.

ஐந்து பேரில் கோல் கீப்பர் பையன் முதல் வருஷம். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல், அப்பா வாணியம்பாடியில் தோல்ஷாப்பில் இருந்து உடம்பு முடியாமல் நின்றுவிட்டவர். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவன் தன் பேடுகளை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, "அண்ணா, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. சென்னைக்கு வா என்றேன்.

இந்தியாவின் கதையும் சுமார்தான். 2001லும் 2016லும் ஜூனியர் உலகக்கோப்பை வாங்கிய நாடு, 2021லும் 2023லும் வெண்கல ஆட்டத்தில் தோற்று நான்காவது. அப்போது ஸ்ரீஜேஷ் கோச். காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட்அவுட்டில் தாண்டினார்கள், கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் புண்ணியம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1. ஞாயிறு அப்படி அடி வாங்கிவிட்டு புதன்கிழமை மறுபடி வந்து நிற்பது லேசான காரியம் இல்லை.

மூன்றாவது நிமிஷத்திலேயே அர்ஜென்டினா ஒன்று போட்டது. 44வது நிமிஷத்தில் இன்னொன்று. மூன்று குவார்ட்டர் முடிந்து பூஜ்யத்துக்கு இரண்டு. பின் வரிசையில் சிலர் எழுந்து கிளம்பினார்கள். எங்கள் பையன்கள் மொபைலை எடுத்துவிட்டார்கள். நான், "இருங்கடா, பதினைஞ்சு நிமிஷம் இருக்கு" என்றேன். அதைத்தான் 9-0 அன்றைக்கும் சொன்னேன்.

49ல் அங்கித் பால். 52ல் மன்மீத் சிங். அப்புறம் பெனால்டி ஸ்ட்ரோக், ஷர்தா நந்த் திவாரி பந்தருகே வந்து நின்றபோது கீப்பர் பையன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் பார்த்தது திவாரியை இல்லை, எதிரே நின்ற அர்ஜென்டினா கீப்பரை. கோல். அடுத்த நிமிஷமே அன்மோல் எக்கா. 4-2. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஜூனியர் உலகக்கோப்பைப் பதக்கம். நாங்கள் கத்தியதில் எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை.

திரும்பும்போது ராத்திரி வண்டி, அன்ரிசர்வ்டு, கதவோரம் நின்றுகொண்டிருந்தோம். அரக்கோணம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"அண்ணா, நான் ஆடிகினே இருந்தா இன்னா ஆகும்?"

ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே, போலீஸ் என்று எப்போதும் சொல்கிற பட்டியலை ஆரம்பித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அம்மாவின் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஷிஃப்ட் வேலை, காலேஜுக்கு லீவு போடாமல் சமாளிக்கலாம் என்றான். எனக்கு வாய் அடைத்துப்போனது. அவர்கள் ஜெயித்தால் எனக்குச் சந்தோஷம், தோற்றால் திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். என் நம்பிக்கைக்கு ஆகிற செலவு முழுக்க இவன் வீட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது என்பது அந்தக் கதவோரத்தில்தான் உறைத்தது.

மறுநாள் அவன் அப்பாவிடமே போய்க் கேட்டான். அப்பா சுற்றி வளைக்கவில்லை. "என்கூட ஆடுனவங்கள்ல கோட்டால வேலை கெடைச்சது ரெண்டு பேருக்கு. மத்தவங்க காத்துகினே வயசானாங்க. நீ வேலைக்குப் போ. ஞாயித்துக்கெழமை வா, பந்து பாக்குறது எப்படின்னு நான் சொல்லித் தர்றேன்." அப்பா மைதானத்துப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

திண்ணையில் கிடந்த பேடை எடுத்துப் பார்த்தேன். அறுந்துபோன வார் ஒன்றை, ஷூவுக்குப் போடுகிற தடித்த நூலில் ரெட்டைத் தையல் போட்டுப் பிடித்திருந்தது. அவன் அம்மாவின் கை.

ஜனவரியில் அவன் வேலையில் சேர்ந்தான். அடுத்து வந்த ஒரு ஞாயிறு, ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நின்று ஆறு கோல் வாங்கினான். அதில் இரண்டு கல்லில் பட்டு எகிறியது, அவன்மேல் தப்பில்லை என்று நான் வாதாடினேன். கோல் போஸ்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, "மீதி நாலு அவன் மேலதான்டா" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "கால ஒட்டி வெய்டா, சொல்லிகினே இருக்கேன்ல" என்று கத்தினார்.