பூநாரைக்கும் லென்ஸுக்கும் நடுவே

பள்ளிக்கரணையில் பூநாரைகள் இறங்கும் நாட்களில் 200 அடி ரேடியல் சாலையோரம் கேமராக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் தவறாமல் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, டூ எக்ஸ் கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கிட்டா அந்தக் கூட்டம் கிட்ட வந்துருமா?" கேட்கிற பையன் கையில் பெரும்பாலும் 150-600 ஜூம். கூட்டமோ எங்கோ சதுப்பின் நடுவில், இருநூறு மீட்டருக்கு அப்பால். "கிட்ட வராது தம்பி, பெருசாத் தெரியும், அவ்வளவுதான்" என்பேன். அந்தப் பதில் யாருக்கும் பிடித்ததில்லை.

பெரிதாகத் தெரிந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அதற்கு டெலிகன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். லென்ஸுக்கும் கேமரா பாடிக்கும் நடுவே மாட்டும் குட்டையான குழாய் அது. உள்ளே இருப்பது ஒளியை விரிக்கும் கண்ணாடித் தொகுப்பு. தொலைநோக்கிக்காரர்கள் பயன்படுத்தும் பார்லோ லென்ஸின் நெருங்கிய உறவு. லென்ஸ் உண்டாக்குகிற பிம்பத்தின் நடுப்பகுதியை இழுத்து விரித்து சென்சார் முழுக்கப் பரப்புகிறது. லென்ஸ் பிடிக்காத ஓர் இறகுக் கோட்டைக்கூட அது புதிதாகச் சேர்ப்பதில்லை. லென்ஸின் குறைகளை மட்டும் விசுவாசமாகப் பெரிதாக்கும். 600 முனையில் ஏற்கெனவே கொஞ்சம் மசமசக்கும் ஜூமின் பின்னால் அதை மாட்டினால் மசமசப்புதான் இரண்டு மடங்காகும். நல்ல பிரைம் லென்ஸ் என்றால் கதை வேறு. கூர்மையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் லென்ஸ்தான் கன்வெர்ட்டரைத் தாங்கும்.

அடுத்தது வெளிச்சம். என்னுடையது 500 மி.மீ. எஃப்/5.6. ஐந்நூறை 5.6-ஆல் வகுத்தால் சுமார் 89 மி.மீ. வருகிறது, ஒளி நுழையும் வாசலின் விட்டம் அது. 1.4 எக்ஸ் மாட்டினால் குவியத்தூரம் 700 ஆகிறது. வாசல் அதே 89. ஆகவே எஃப்/8, ஒரு ஸ்டாப் போயிற்று. 2 எக்ஸ் மாட்டினால் 1000 மி.மீ. எஃப்/11, இரண்டு ஸ்டாப். மார்கழிக் காலையில் ஐஎஸ்ஓ 800-இல் எடுத்துக்கொண்டிருந்தவர், ஷட்டர் வேகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால் 3200-க்குப் போக வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். பறவையிலிருந்து புறப்பட்டு அந்த 89 மி.மீ. வாசல் வழியாக வந்த ஒளியின் அளவு மாறவே இல்லை. கன்வெர்ட்டர் இல்லாமல் எடுத்துப் பிறகு கிராப் செய்தாலும் அதே ஒளிதான், மாட்டி எடுத்தாலும் அதே ஒளிதான். ஷட்டர் வேகம் ஒன்றாக இருந்து, இரண்டு படங்களிலும் பறவையை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இரைச்சல் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கும். அப்படியானால் போட்டி கிராப்புக்கும் கன்வெர்ட்டருக்கும்தான். 45 மெகாபிக்சல் கேமராவில் 1.4 மடங்குக்குச் சமமாக வெட்டினாலும் ஏறக்குறைய 23 மெகாபிக்சல் மிஞ்சும்; அது தாராளம். 24 மெகாபிக்சல் பாடியில் பாதியை வெட்டினால் மிஞ்சுவது 12. அங்கே கன்வெர்ட்டருக்கு வேலை இருக்கிறது.

ஆட்டோஃபோகஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஎஸ்எல்ஆர் காலத்தில் பெரும்பாலான பாடிகள் எஃப்/5.6-க்கு மேல் போனால் தடுமாறும். 2012-இல் நிக்கான் டி4, டி800 வந்தபோதுதான் எஃப்/8-இல் நடுப் புள்ளிகள் வேலை செய்யும் என்று எங்களைப் போன்றவர்கள் கொண்டாடினோம். கேனன் 5டி மார்க் 3-க்கு அந்த வசதி 2013-இல் ஃபர்ம்வேர் வழியாக வந்தது. மிர்ரர்லெஸ் வந்தபின் இந்தக் கவலை பெருமளவு போய்விட்டது, எஃப்/11-இலும் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. வேகம் மட்டும் குறையும். பாயும் பஞ்சுருட்டானைப் பிடிக்க வேண்டும் என்றால் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பையில் போடுங்கள். எல்லா லென்ஸிலும் எல்லா கன்வெர்ட்டரும் பொருந்தாது என்பதையும் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது. கேனனின் ஆர்எஃப் 100-500-இல் மாட்டினால் 300-க்குக் கீழே ஜூமைத் திருப்பவே முடியாது. கன்வெர்ட்டரின் முன் கண்ணாடி லென்ஸுக்குள் துருத்திக்கொண்டு நிற்பதுதான் காரணம்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணாடிக் கணக்கு. பணம் இருந்தால் தீர்ந்துவிடும். 2022-இல் நிக்கான் கொண்டுவந்த 400 எஃப்/2.8, 600 எஃப்/4 லென்ஸ்களுக்குள்ளேயே 1.4 கன்வெர்ட்டர் இருக்கிறது, ஒரு நெம்புகோலைத் தட்டினால் போதும். விலை பத்து லட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்த லென்ஸ் வைத்திருப்பவரும் நானும் கோடியக்கரை உப்பளத்தில் காலை பத்து மணிக்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இருநூறு மீட்டர் பூநாரையை இருவரும் ஒரே லட்சணத்தில்தான் எடுப்போம்.

நடுவில் காற்று இருக்கிறது. வெயில் ஏற ஏற உப்பளத்தின் வரப்பும் சேறும் சூடாகி, தரையை ஒட்டிய காற்று கொதிக்கத் தொடங்கும். சூடான காற்று ஒளியை ஒரு விதமாக வளைக்கும், குளிர்ந்த காற்று வேறு விதமாக. இரண்டும் கலந்து குமிழ் குமிழாக எழும்பும்போது பறவையின் விளிம்பு நெளிகிறது. வெறும் கண்ணுக்கு அது கானல். ஆயிரம் மி.மீ. லென்ஸுக்கு அதுவே சுவர். தொடர்ச்சியாக முப்பது ஃபிரேம் எடுத்தால் ஒன்றில் அலகு கூர்மை, மற்றொன்றில் கால் கூர்மை, எதிலும் முழுப் பறவை இல்லை. ஆட்டோஃபோகஸும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். "லென்ஸ் சர்வீஸுக்குக் கொடுக்கணும் போலிருக்கு" என்று அந்த நேரத்தில் சொன்னவர்கள் பலர். லென்ஸில் ஒரு கோளாறும் இருக்காது.

ஒரு கணக்கும் போடலாம். ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள பூநாரை இருநூறு மீட்டரில் நின்றால், 500 மி.மீ. லென்ஸில் சென்சார் மேல் அதன் உயரம் மூன்றேகால் மி.மீ.க்குப் பக்கம். 2 எக்ஸ் போட்டால் ஆறரை. சென்சாரின் உயரமே 24 மி.மீ. இரண்டு ஸ்டாப் இழந்தும் சட்டத்தின் உயரத்தில் கால்வாசிதான் பறவை. மீதியெல்லாம் நெளிகிற காற்று.

காற்று அடங்கியிருப்பது விடிந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். மழைக்குப் பிந்தைய மேகமூட்ட நாளில் இன்னும் கொஞ்ச நேரம் நீளும். ஆனால் அந்த நேரத்தில் எஃப்/11-க்குத் தேவையான வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் வந்து சேரும்போது காற்று கெட்டிருக்கும். தொலைதூரத்துக்கு 2 எக்ஸ் என்ற யோசனை எங்கள் கடற்கரையில் தோற்பது இந்த இடத்தில்தான். தப்பிக்கச் சில வழிகள் உண்டு. மண்தரையைத் தாண்டி எடுப்பதைவிடத் தண்ணீரைத் தாண்டி எடுப்பது மேல். தரையோடு படுத்துக்கொள்வதைவிடக் கொஞ்சம் உயரமான கரை மேல். காரிலிருந்து எடுத்தால் என்ஜினை அணைத்துவிட்டு, பானட்டுக்கு மேலாக நீட்டாமல் பக்க ஜன்னல் வழியாக எடுக்க வேண்டும். நம் வண்டியின் சூடே நம் படத்தைக் கெடுக்கும். இவை எல்லாம் அரைமணி நேரம் வாங்கித் தரும், அதற்கு மேல் இல்லை.

பிறகு கன்வெர்ட்டர் எதற்கு? பக்கத்தில் இருக்கும் சின்ன உயிர்களுக்கு. இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கன்வெர்ட்டர் மாட்டினாலும் லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது. என் லென்ஸ் மூன்று மீட்டர் வரை நெருங்கும்; 1.4 மாட்டினாலும் அதே மூன்று மீட்டர்தான், பிம்பம் மட்டும் 1.4 மடங்கு. ஐந்து செ.மீ. நீளத் தட்டான் 9 மி.மீ.யிலிருந்து பன்னிரண்டரைக்குப் போகும், இறக்கையின் நரம்பு எண்ணும் அளவுக்கு. செம்பருத்திச் செடியில் எட்டு மீட்டரில் தேன்சிட்டு, கிணற்றுக் கம்பியில் பத்து மீட்டரில் சிறால் மீன்கொத்தி: இவற்றுக்கும் லென்ஸுக்கும் நடுவே கெட்டுப்போகும் அளவுக்குக் காற்றே இல்லை. நான் 1.4-ஐ மாட்டுகிற நேரங்களில் பெரும்பாலானவை என் வீட்டுத் தோட்டத்திலோ ஏரிக்கரைப் புதரோரமோதான். கூட்டில் இருக்கும் பறவையை நெருங்காமல் எடுக்கவும் அதுதான் உதவுகிறது.

2 எக்ஸுக்கு நான் வைத்திருக்கும் முதல் வேலை நிலா. சிரிப்பாக இருக்கும்: இருநூறு மீட்டருக்கு வேண்டாம் என்றவன் மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மாட்டுகிறான். ஆனால் நிலா உச்சிக்கு வந்தபின் நமக்கும் அதற்கும் நடுவே உள்ள காற்றின் பெரும்பகுதி முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது, அதிலும் சூடான தரையை ஒட்டிய படலத்தை மேல்நோக்கிச் சட்டென்று கடந்துவிடுகிறோம். முழு நிலாவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் நூற்றில் ஒரு பங்கு என்பது பழைய கைக்கணக்கு, 1000 மி.மீ. எஃப்/11 அதில் கச்சிதமாக உட்காருகிறது. பிம்பம் சென்சாரில் ஒன்பது மி.மீ. அகலம். கேட்டால் முழு நிலாவைவிட எட்டாம் பிறையை எடுக்கச் சொல்வேன். ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரத்தில்தான் பள்ளங்களின் நிழல் விழும். அடிவானத்தில் சிவந்து பெரிதாக எழும் நிலா வேண்டும் என்பவர்கள் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஒரு கோபுரத்தையோ தென்னையையோ தேடிக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை, கால் கொடி. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். கரையோரப் பறவைகளின் காலில் வண்ணக் கொடியும் கட்டுவது வழக்கம். எந்த நிறம், எதன் மேல் எது என்பதை வைத்து எங்கே கட்டியது என்று தெரியும், அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் எந்தப் பறவை என்று சொல்லும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத கொசு உள்ளான் காலில் அந்தக் கொடி எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே அழகு, பின்னணி, இரைச்சல் எதுவும் பொருட்டில்லை. காற்று நெளிந்தாலும் ஐம்பது ஃபிரேமில் ஒன்றில் எழுத்து தெளிந்தால் போதும், அதனால் ஷட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பேன். பறவை ஒற்றைக் காலில் நின்று கொடிக் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். அது நடக்கத் தொடங்கும்போது பக்கவாட்டில் ஒரு முறை, திரும்பும்போது மறுபக்கத்தில் ஒரு முறை எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் சேறு ஒட்டியிருந்தாலும் மறுபக்கம் படிக்கக் கிடைக்கும்.