அல்லைப்பிட்டியின் முகங்கள்

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைக் கடலினூடே செல்லும் தாம்போதி வழியாக மேற்கு நோக்கிப் போவோர், வேலணைத் தீவில் முதலிற் காணும் ஊர் அல்லைப்பிட்டி. இருமருங்கும் ஆழமற்ற பரவைக் கடல். அதில் மீனுக்காக நாட்டிய களங்கண்டித் தடிகள். கரையேறினால் மணலும் பனைவடலிகளும். இம்மணலிலிருந்து சீனத்துச் சொங் மன்னர் காலப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பல நூற்றாண்டுகளாக அவற்றை மண் காத்துவந்தது. மனிதரின் முகங்களைக் காப்பது எது?

1990இல் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடுபவர், சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தைக் கழற்றிக்கொண்டா ஓடுவர்? பின்னர் 2006 ஆகஸ்ட் 13இல், இவ்வூர்ப் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் எறிகணைகளுக்கு இரையாயினர். ஒரு வாரத்தின் பின் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் அவருடன் சென்றவரும் காணாமற்போயினர். அல்லைப்பிட்டி உலகச் செய்தியாயிற்று. ஊரின் துயரம் வெளியே தெரிந்தது. ஊரார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது தெரியவில்லை.

2017 முதல் வடக்கின் வீதியோரங்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நீதி கேட்டு ஏந்தி நின்றவை நிழற்படங்களே. ஒரு சிறு படம் ஒரு மனிதன் வாழ்ந்தான் என்பதற்குச் சாட்சியாகிறது. அச்சாட்சியை யார் எடுத்துவைப்பது?

கடலுக்கு அப்பால், தமிழகத்தில் இதற்கொரு விடை உண்டு. மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளரையும், தூத்துக்குடி உப்பளத்தாரையும், இராமநாதபுரக் கரையிற் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் படம் பிடித்துவருபவர். தம் தாயின் உழைப்பையும் அவர் படமாக்கினார். இந்திய ஊரக வாழ்வைப் பதிவுசெய்யும் 'பாரி' நிறுவனமும் நிழற்படக் கலைஞர் தயானிதா சிங்கும் இணைந்து நிறுவிய ஆவணப்பட விருது, 2022இல் முதன்முதலாக அவருக்கே கிடைத்தது. அதனினும் பெரிது, உழைப்பாளரின் பிள்ளைகள் கையிலேயே கமராவைக் கொடுத்து அவர் பயிற்றுவது. வெளியிலிருந்து வருபவர் ஒருநாட் காட்சியைக் கொண்டுபோவார். வீட்டுப்பிள்ளையோ நாள்தோறும் நடப்பதை அறிவான்.

மாணவர்களே! இன்று உங்கள் கைத்தொலைபேசியிலேயே கமரா இருக்கின்றது. களங்கண்டியிலிருந்து மீன் கொண்டுவரும் பெரியப்பாவையும், ஓலை பின்னும் அம்மம்மாவையும் அனுமதி கேட்டுப் படம் பிடியுங்கள். பெயரும் ஊரும் ஆண்டும் பின்புறத்தில் எழுதி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். துயரம் வந்தபின் தேடுவதற்கன்று. வாழும் காலத்திலேயே அவர்கள் தம்மைத் தாமே கண்டு மகிழ்வதற்காக.