கணினிக்குள் ஒரு வகுப்பறை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. இணைய விரிவுரைகளே துணை. ஆனால் அவை சில விநாடித் துண்டுகளாக வருபவை. எங்கள் ஊரில் சிக்னல் அறுந்தால், பேராசிரியர் பாதிச் சமன்பாட்டில் வாய் திறந்தபடி நிற்பார்!

2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். தன் பாடங்களை இறக்கிக்கொள்ள அனுமதிக்கிறது. (எல்லாத் தளங்களும் அப்படியல்ல.) மதிய இடைவேளைகளில் நூலகக் கணினியில் இறக்கி, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அங்கே, அப்பா இரண்டு ஆடு விற்று வாங்கித் தந்த பழைய கணினியில் குவாண்டம் இயற்பியல் முழுவதும் சேர்ந்துவிட்டது. இரவில் அம்மா சொல்கிறாள்: "அந்த வாத்தியாரை நிறுத்திட்டுச் சோத்தத் தின்னு. அவரு எங்க போயிடப் போறாரு?"