குச்சித் தீவனமும் நம்ம பால் டம்ளரும்

பால்ல கலப்படம்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது தண்ணி. கொஞ்சம் விவரமானவங்க யூரியா, டிடர்ஜென்ட்னு சொல்லுவாங்க. ஆனா யாருமே கலக்காம, மாட்டு வழியாவே பாலுக்கு வர்ற விஷம் ஒண்ணு இருக்கு. பேரு அஃப்ளாடாக்சின்.

2018ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதிச்சாங்க. 2019ல முடிவு வந்தப்போ 368 மாதிரியில அஃப்ளாடாக்சின் எம்1 அளவுக்கு மேல இருந்துச்சு. அதிகமா சிக்கினது எந்த மாநிலம்? நம்ம தமிழ்நாடுதான், 88 மாதிரி :-(

இது தீவனத்துல பிடிக்கிற பூசணத்தோட வேலை. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்குல ஈரம் பட்டா ஒரு வகைப் பூசணம் வந்து பி1ங்கிற விஷத்தை விடும். மாட்டோட ஈரல் அதை எம்1ஆ மாத்தும், அது பால்ல இறங்கும். எவ்வளவு காய்ச்சினாலும் போகாது.

"குச்சித் தீவனம் ஆவியில வெந்துதானே வருது?"ன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அரைச்சுக் கலந்த மாவை நீராவியில சூடாக்கி, ஓட்டை போட்ட டை வழியா அழுத்தினா குச்சி குச்சியா வரும். அந்தச் சூட்டுல பூசணம் சாகும், விஷம் சாகாது. அதனால மூலப்பொருள் உள்ளே வரும்போதே சோதிச்சாகணும். வெளியே வர்ற குச்சியை நல்லா ஆறவிட்டுத்தான் மூட்டை பிடிக்கணும். சூட்டோட கட்டினா உள்ளேயே வேர்த்து, மறுபடி பூசணம் பிடிக்கும். மாட்டுத் தீவனத்துக்கான ஐ.எஸ். 2052 தரம் சொல்ற உச்ச அளவு ஈரம் 11%, பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் தீவனத்துக்கே 20 மில்லிகிராம்தான்!

மில்லுல எல்லாம் சரியா செஞ்சாலும், மிச்சக் கதை நம்ம ஊர் மாட்டுக் கொட்டகையில நடக்குது. சிங்கப்பெருமாள் கோவில்ல ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே போனா இன்னமும் மாடு வெச்சிருக்கிற வீடுங்க உண்டு. ஐப்பசி மழையில ஒழுகுற ஓட்டுக்குக் கீழே, வெறுந்தரையில, சுவரை ஒட்டி மூட்டை. எங்களுக்குப் பால் ஊத்துற அக்காகிட்ட இதைப் பத்திப் பேசினேன். "தம்பி, மூட்டை ஆயிரம் ரூபாய்க்கு மேல விக்குது. ஓரத்துல கட்டி பிடிச்சதுக்காக முழுசையும் கொட்டச் சொல்றியா? வெயில்ல காயவெச்சுப் போட்டா மாடு தின்னுட்டுப் போவுது"ன்னாங்க.

காயவெச்சா ஈரமும் வாடையும் போகும், விஷம் அப்படியே இருக்கும். கோழிக்கோ வாத்துக்கோ போடறதும் தப்பு, அதுங்க இன்னும் சீக்கிரம் பாதிக்கப்படும். மரப்பலகை மேல, சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி அடுக்கணும். முதல்ல வாங்கினதை முதல்ல தீர்க்கணும். மழைக்காலத்துல கொஞ்சமா வாங்கணும். சந்தேகம்னா பொத்தேரி பக்கம் கட்டுப்பாக்கத்துல கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையமே இருக்கு, போய்க் கேட்கலாம்.

ஒரு நல்ல விஷயம், கெட்ட தீவனத்தை நிறுத்தின சில நாள்லயே பால்ல எம்1 இறங்கிடும். ஆனா அந்த மூட்டைக் காசு யார் தலையில? அக்கா லிட்டருக்கு ரெண்டு ரூபா ஏத்தினா மூஞ்சி சுளிக்கிற நாம, நல்ல தீவனம் போடுங்கன்னு மட்டும் எப்படிக் கேட்கிறது? நீங்களே சொல்லுங்க மக்களே.