அழைப்பிதழின் பின்பக்கம்

எங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பிக்கு அட்டை கிடையாது. 2018இல் என் கவிதைத் தொகுதியின் வெளியீட்டு விழாவுக்கு அடித்து மிஞ்சிப்போன அழைப்பிதழ்களை அடுக்கி, சாக்குத் தைக்கும் நூலால் முதுகில் தைத்த கொப்பி அது. ஒரு பக்கத்தில் தலைமை, வரவேற்புரை, முதற் பிரதி பெறுபவர், நயவுரை, ஏற்புரை. மறுபக்கத்தில் மனைவியின் சாய்ந்த எழுத்தில் அரிசி, தேங்காய், சவர்க்காரம், பஸ் காசு. பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த 2022 மே மாதத்தில் தொடங்கியது. அந்த நாட்களில் ஒரு சாதாரணக் கொப்பியின் விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த வருடம் அது.

நான் கணிதமும் தமிழும் படிப்பிப்பவன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் விடுதியில் இருந்தபோது சாப்பாட்டுச் செலவை நாங்களே முறைவைத்துப் பார்ப்போம். என் முறை வந்த மாதத்தில் ஒரு ரூபாவும் பிசகவில்லை என்று கூட்டாளிமார் இன்றும் சொல்வார்கள். ஆகவே கணக்குத் தெரியாமல் நான் கெட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தெரிந்துதான் கெட்டேன்.

வாப்பா உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்தவர். வலை பாடு பட்ட அன்று சம்மாட்டிக்குரியது போக மிச்சத்தைப் பங்கிடுவார்கள். அன்று அந்தியில் வாப்பாவின் கையில் ஒரு பார்சல் இருக்கும். அது முந்திரிப்பழமாகவும் இருக்கும், தங்கச்சிக்கு ரிப்பனாகவும் இருக்கும். ஒரு தடவை தேவையே இல்லாமல் ஒரு டோர்ச் லைட் வந்தது. வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். மாரியில் கடல் மூடினால் சம்மாட்டியிடம் முற்பணம். அடுத்த பருவத்தின் உழைப்பை முன்கூட்டியே தின்பது அது. கையில் காசு இருக்கும்போது மனிதன் அகலமாக இருக்கவேண்டும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

உம்மாவிடம் ஒரு பானை இருந்தது. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து அந்தப் பானைக்குள் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவா. நோன்பு வந்தால் அதில் ஒரு பகுதி பள்ளிக் கஞ்சிக்குப் போகும். மிச்சம், கடல் மூடிய மாதங்களில் எங்கள் வயிற்றுக்கு. சிறுவனாக இருந்தபோது அது எனக்கு வெட்கமாக இருந்தது. சொந்தச் சோற்றில் களவெடுப்பதுபோல. பின்னாளில் மனைவியும் அதையே செய்யக் கண்டு ஒருநாள் அவளுடைய பிடியைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 45 கிராம். மாதத்துக்கு 1,350 கிராம். சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

தொகுதி அச்சிட 75,000 ரூபா தேவைப்பட்டது. 500 பிரதிகள். இலங்கையில் கவிதைப் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மனைவியின் இரண்டு காப்புகள், ஆளுக்கொரு பவுண், வங்கியில் அடகுக்குப் போயின. மூன்று மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்றேன். வட்டிக்கு வைக்கிறோமே என்ற உறுத்தல் அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அட்டைப் படம் வந்திருந்தது.

விழாவில் முதற் பிரதியை வாங்கிய முதலாளி உறையில் 5,000 வைத்தார். மொத்தம் 31,000 சேர்ந்தது. மண்டபமும் சாப்பாடும் அதில் 18,000ஐ விழுங்கின. அதன்பிறகு புத்தகம் விற்றதைவிட ‘அன்புடன்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்ததே அதிகம். இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகள் கட்டிலுக்குக் கீழே இன்னும் இருக்கின்றன. கறையான் பிடிக்காமல் வேப்பிலை போட்டு வைப்பவளும் அவள்தான்.

அடகை இரண்டு முறை புதுப்பித்தேன். பிறகு விட்டுவிட்டேன். 2020 கடைசியில் ஏல அறிவித்தல் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் தெரிந்தவர். பாடசாலை வாசலில் வைத்தே தந்துவிட்டார். அதைப் புள்ளிப் பதிவேட்டுக்குள் செருகினேன். காப்புகள் ஏலத்தில் போயின. வங்கி தனக்குரியதை எடுத்துக்கொண்டு தந்த சிறு மிச்சத்தில் தேத்தண்ணிக் கடைக் கடனை அடைத்தேன். வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அடகு வட்டிக்கென்று மாதம் 1,000 ரூபாவை வீட்டுச் செலவுக் காசிலிருந்து எடுத்துச் சேர்ப்பது எங்கள் வழக்கம். காப்புப் போன பிறகும் எடுத்தேன். எடுக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பாளே! அந்தக் காசு தேத்தண்ணியாகவும், இலக்கியக் கூட்டத்துக்குப் போகும் பஸ் காசாகவும், நண்பர்களின் வெளியீட்டு விழாக்களில் நான் வைத்த உறையாகவும் போனது.

பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்த டொலர் 360ஐத் தொட்டது. எங்கள் கரையில் இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெய் இல்லாமல் கவிழ்ந்து கிடந்தன. இத்தனைக்கும் எங்களுக்குச் சற்றுத் தெற்கே சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அந்த ஜனவரியில்தான் கைச்சாத்தானது. போத்தலுடன் வரிசையில் நின்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அரசாங்கக் கணக்கைத் திட்டுவதில் நானும் குறைவைக்கவில்லை. இல்லாத காசை இருப்பதாகக் காட்டி எத்தனை நாள் ஓட்டுவது என்று வரிசையில் நின்று பேருரை ஆற்றினேன்.

பெருநாள் கழிந்து இரண்டாம் வாரம், ஊரடங்கு நீங்கிய ஒரு மாலை. மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க, பவுண் நல்லா ஏறிக் கிடக்காம். ஒரு காப்ப மீட்டு வித்தா கடக் கடனும் தீரும், ஒரு மூட அரிசியும் போடலாம். நாளைக்கு பேங்குக்குப் போவமா?”

“காப்பு இல்ல புள்ள” என்றேன்.

“எப்ப இருந்து?”

“போன வருசம் ஜனவரி.”

அவள் அழவில்லை. தேங்காய்ப் பாதியை ஓடு தெரியும்வரை திருவி முடித்தாள். திருவலையை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப வட்டி கட்டண்டு எடுத்த காசு?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். “பதினாறு மாசம். பதினாறாயிரம். சின்னவனுக்குப் பால்மா பக்கட்டு வாங்காம உட்டது அதுக்குத்தான்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தாளும் எடுக்கவில்லை, விரலும் மடக்கவில்லை.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பிறகு இந்தக் கொப்பி என் முன்னால் வந்தது. முதல் வரி: ‘மாஸ்டர் தரவேண்டியது 16,000.’ வீட்டில் அவள் என்னை மாஸ்டர் என்று அழைப்பதில்லை. ஊர்தான் அப்படி அழைக்கும். மாதம் 500 ரூபாவாக என் கைச்செலவில் கழித்துத் தகரப்பேணிக்குள் போட்டேன். 32 மாதங்கள். 2025 ஜனவரியில் முடிந்தது. அன்று அந்த வரியில் ஒரு கோடு கீறினாள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு இரவும் படுக்குமுன் எழுத வேண்டும். ‘சும்மா’, ‘சில்லறை’ என்ற சொற்களுக்கு அனுமதியில்லை. யாருக்கு, என்னத்துக்கு என்று எழுதவேண்டும். முதல் மாத முடிவில் நானே கூட்டினேன். மற்றவர்களுக்கு நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி, வடை, சிகரட் 4,350 ரூபா. பிள்ளைகளின் பாடசாலைச் செலவு 2,100. மூன்று முறை கூட்டினேன். கையில் காசு தங்குவதில்லை, பறக்கத் இல்லை என்று பத்து வருடமாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

கடைக் கொப்பியை நிறுத்தியது அடுத்தது. கடனுக்கு வாங்குகிறவன் 100 கிராமாக வாங்குகிறான். 100 கிராம் பத்தைச் சேர்த்தால் ஒரு கிலோவின் விலையைத் தாண்டிவிடும். இது எந்தக் கடையிலும் பார்க்கக்கூடிய கணக்கு. பணக்காரனுக்கு அரிசி மலிவு, ஏழைக்கு விலை. பெரும்போக அறுவடை முடிந்து தம்பலகாமத்து நெல் வரும் நாட்களில் ஒரு மூடையாகப் போட்டுவிட வேண்டுமென்று மனைவிக்கு எப்போதும் ஆசை. மூடைக்கான மொத்தக் காசு ஒரேயடியாகக் கையில் இருந்ததில்லை. 2023இல்தான் முடிந்தது. சாளை மலிந்த நாளில் வாங்கி, உப்புப் போட்டுக் காயவைத்து, மாரிக்கு வைப்பதும் திரும்ப வந்தது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. வீட்டுத்தோட்டம் மட்டும் சரிவரவில்லை. பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அந்தக் காலத்தில் நானும் வெண்டி போட்டேன். கடற்கரை மணலும் உவர்க் கிணறும் சேர்ந்து முளையிலேயே கருக்கிவிட்டன. முருங்கை மட்டும் நிற்கிறது.

சீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. அந்த வருடம் ஜனவரியில் மனைவி பதினொரு பெண்களுடன் மாதம் 2,000 ரூபாச் சீட்டு ஒன்று தொடங்கியிருந்தாள். பெயர் எழுதிக் குலுக்கியதில் அவளுக்கு விழுந்தது டிசம்பர். முதல் மாதம் 24,000ஐ எடுத்தவளுக்கு அது ஒன்பது சமையல் எரிவாயுச் சிலிண்டர். 75 ரூபாதான் குறைவு. ஏப்ரல் கடைசியில் ஒரு சிலிண்டர் 4,860 ஆனது. அதே 24,000 இப்போது ஐந்துக்கும் போதாது. வட்டியில்லாத, யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு என்று நாங்கள் நம்பியிருந்த சீட்டில், பின்னால் எடுப்பவளின் காசு பேணிக்குள் இருந்தபடியே கரைந்துகொண்டிருந்தது. இதை முதலில் கண்டவர்கள் அந்தப் பெண்கள்தான். எங்கள் முற்றத்தில் கூடினார்கள். பெரிய சண்டை. முதல் நான்கு மாதம் எடுத்தவர்கள் மாதம் 500 ரூபா கூடுதலாகப் போடுவதென்று முடிவானது. ஒருத்தி கோபித்துக்கொண்டு போய், ஒரு கிழமையில் திரும்பி வந்தாள். படகுக்காரர் ஒருவரின் மனைவியால் இரண்டு மாதம் கட்டமுடியவில்லை. கருவாடாகக் கொடுத்துத் தீர்த்தாள். அதையும் விலைபோட்டு எழுதினார்கள்.

அந்த நாட்களில் ஏழாம் தரத்துக்கு நூற்றுவீதம் படிப்பிக்க நேர்ந்தது. எரிவாயு ஒக்டோபரில் 1,493, இப்போது 4,860, எத்தனை வீதம் கூடியது? 225 என்று ஒருவன் சரியாகச் சொன்னான். பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்தது: “சேர், எங்கட வீட்ட கேஸே இல்ல. வெறகுதான்.” அந்தப் பிள்ளை இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். சிக்கனம் என்பதை அதற்கு நான் என்னவென்று படிப்பிப்பது? எடுத்து வைப்பதற்கு ஒரு பிடி இருந்தால்தானே. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 94.9 என்று உணவுப் பணவீக்கத்தை அறிவித்தது அந்த செப்டெம்பரில். மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது அதற்கு முந்திய மாதம்.

அப்போது ஒருநாள் பிடியரிசிப் பேணி வெறுமையாக இருந்ததைக் கண்டேன். முந்தைய வாரம் அது நிறைந்திருந்தது. கொப்பியில் தேடினேன், இல்லை. “அரிசி எங்க புள்ள? எழுதல்லியே” என்றேன், ஏதோ பிடித்துவிட்டவன்போல. மூன்றாவது வீட்டை முகத்தால் காட்டினாள். அது கரையில் கவிழ்ந்து கிடந்த படகொன்றின் சொந்தக்காரர் வீடு.

“குடுக்கிறத எழுதப்படா” என்றாள்.

என் 4,350 ரூபாத் தேத்தண்ணியை நான் நினைத்துக்கொண்டேன். அதுவும் கொடுத்ததுதான் என்று வாதாடலாம். வாதாடவில்லை.

டிசம்பரில் சீட்டுக் காசு வந்தது. காப்புக்கென்று சேர்க்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. மழைக்கு முன் மாற்றியிருக்க வேண்டிய கூரைத் தகரங்களை மாற்றினாள். கை இன்றும் வெறும் கைதான். கலியாண வீடுகளுக்குப் போகும்போது கறுப்பு ஹபாயாவின் கை நீளமானதை எடுப்பாள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இப்போது இரண்டாவது தொகுதி தயாராக இருக்கிறது. அச்சகத்தில் விலை கேட்டேன். 300 பிரதிக்கு அவர்கள் சொன்ன தொகையை அன்றிரவு கொப்பியில் எழுதினேன். எழுதவேண்டும் என்பதுதானே சட்டம். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: ‘காசு குடுத்து எத்தின பேர் வாங்குவாங்க?’

ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். உறைக்காகவோ முகத்துக்காகவோ இல்லாமல், வாசிப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்கள். இன்றுவரை 41 பேர். அழைப்பிதழ்த் தாள்களும் முடியப் போகின்றன, இன்னும் ஒன்பது பக்கம்தான் இருக்கிறது.